சுண்டுவிரல், 2 சதவீதம்

திருப்பரங்குன்றம் சன்னதித் தெருவில் கை வாங்கலாம், கால் வாங்கலாம், ஒரு ஜோடிக் கண்ணும் வாங்கலாம். எல்லாம் தகட்டில் அடித்தவை. உடம்பில் எது மக்கர் செய்கிறதோ அதன் உருவை வாங்கி உண்டியலில் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு பொறுப்பு முருகனுடையது. என் இடது கைச் சுண்டுவிரல் நசுங்கிய வாரத்தில் என் அம்மா இந்தக் காரியமாகக் கோயில் வாசல் வரைக்கும் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினாள்.

"சுண்டுவெரல் மட்டும் இருக்காப்பா?"

"வெரலு தனியா வராது ஆத்தா. கையாத்தேன் வாங்கணும்."

"மத்த நாலு வெரலும் நல்லாத்தானே இருக்கு. அதுக்கும் சேத்து நான் எதுக்குக் காசு குடுக்கணும்?"

கடைக்காரரிடம் பதில் இல்லை. அம்மா வெறுங்கையோடு திரும்பி வந்து, "முருகனுக்குத் தெரியும்டா, சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாள்.

கடையில் கிடைக்காத அந்தச் சில்லறை சட்டத்தில் கிடைக்கிறது. 1923-இல் வெள்ளைக்காரன் போட்ட தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 2010-இல் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் கடைசியில் ஓர் அட்டவணை உண்டு. மனித உடம்பைக் கணுக்கணுவாகப் பிரித்து, எது போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போகும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கட்டைவிரல் முழுசாகப் போனால் 30. ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரலும் சுண்டுவிரலும் ஒரே தட்டில், ஆளுக்கு 7. அதற்குள்ளும் பிரிவினை இருக்கிறது. சுண்டுவிரலில் இரண்டு கணு போனால் 6, ஒரு கணு போனால் 5, எலும்பு தப்பித்து நுனி மட்டும் போனால் 2. கால் பெருவிரல் அடியோடு போனால் 14. அதாவது ஊரையே சுட்டிக்காட்டும் ஆள்காட்டி விரலுக்கும், செருப்புக்குள் கிடக்கும் பெருவிரலுக்கும் சம அந்தஸ்து.

இதெல்லாம் எனக்கு ஏன் மனப்பாடம் என்றால், அந்த வாரம் எனக்கு வேறு வேலை இல்லை.

நான் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். கம்பெனிக்குள் பிரஸ் இருக்கிறது, லேத் இருக்கிறது, கிரைண்டிங் மிஷின் இருக்கிறது. மனிதனைக் கடிக்கக்கூடிய எல்லாமே இருக்கிறது. இத்தனை வருஷமாக அவற்றின் நடுவே நடந்துபோய் ஒரு கீறல்கூட வாங்காத என்னை, ஏ.சி. ரூமில் ஓரமாகச் சாந்தமாக நின்றுகொண்டிருந்த இரும்பு பீரோ கடித்தது. பழைய ஃபைல் ஒன்றை எடுக்கக் கைவிட்டேன். தரை சரிவு. கதவு தானாக வந்து சாத்திக்கொண்டது, என் சுண்டுவிரலை உள்ளே வைத்து. நகம் பெயர்ந்து, நுனி நசுங்கி, கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

நான் போட்ட சத்தத்துக்கு ஷாப் ஃப்ளோரில் மிஷின்களை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்கள். வந்து பார்த்தவர்களில் ஒருவன், கையில் ஸ்பானரோடு, மிகுந்த அக்கறையாகக் கேட்டான்: "அண்ணே, பீரோவுக்கும் ஒரு சேஃப்டி கார்டு போட்டுருவமா?"

இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அத்தோடு போனது. அதற்கு அட்டவணையில் சதவீதம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மகன் செல்போனில் சட்டத்தைத் திறந்தான். அவனுக்கு வயசு 22, வேலை தேடிக்கொண்டிருக்கிறான். அதனால் எந்த விஷயத்தையும் ஆழமாகப் படிக்க அவனுக்கு நேரம் இருக்கிறது. கணக்கு இப்படிப் போகிறது. மாதச் சம்பளத்தில் 60 சதவீதம். ஆனால் நீங்கள் எவ்வளவு வாங்கினாலும் 2020 ஜனவரியிலிருந்து 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆக 9,000. அதை வயசுக்கென்று இருக்கும் ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். எனக்கு 52. என் எண் 146.20. பெருக்கினால் 13,15,800 ரூபாய். முழு உடம்பும் நிரந்தரமாகச் செயலிழந்தால் என் விலை அது. சுண்டுவிரல் நுனி 2 சதவீதம் என்றால் 26,316.

சொல்லப்போனால் நான் ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவன், ஈ.எஸ்.ஐ. இருப்பவர்களுக்கு இந்தச் சட்டத்தில் நஷ்டஈடு கேட்க வழியில்லை, அங்கே வேறு கணக்கு. அது எனக்கும் தெரியும், நான்தானே மாசாமாசம் எல்லாருக்கும் பணம் கட்டுகிறேன். இருந்தாலும் தன் விலை என்னவென்று தெரிந்துகொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது?

"அப்ப எனக்கு எவ்வளவுப்பா?" என்று மகன் தன் வயசைப் போட்டான். 22-க்கு 221.37. விடை 19,92,330. வேலையே இல்லாதவனின் உடம்பு, வேலை பார்க்கும் என் உடம்பைவிட ஆறே முக்கால் லட்சம் அதிகம். அன்று சாயங்காலம் முழுக்க அவன் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தான்.

சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள். "ஏங்க, ஆளே போயிட்டா?"

கேட்ட தொனியில் ஆர்வம் கூடுதலாக இருந்ததாக எனக்குத் தோன்றியது. மரணம் என்றால் 60 இல்லை, 50 சதவீதம்தான். 7,500-ஐ 146.20-ஆல் பெருக்கினால் 10,96,500. முடங்கிக் கிடந்தால் 13 லட்சத்துச் சொச்சம், போய்ச் சேர்ந்தால் 11 லட்சத்துக்கும் கொஞ்சம் கம்மி. இது என்ன நியாயம் என்று நான் கொதித்தேன். மனைவிக்கு அதில் எந்தக் குழப்பமும் இல்லை. "கெடக்குறவருக்குச் சோறு போடணும்ல. போனவருக்கு அந்தச் செலவு மிச்சம்தானே." 1923-இல் சட்டம் எழுதியவர்கள் இவளைக் கலந்து பேசியிருந்தால் பாதிப் பக்கம் குறைந்திருக்கும்.

அட்டவணையின் முதல் பகுதி நூறு சதவீதக்காரர்களுடையது. இரண்டு கையும் போனவர், இரண்டு கண்ணும் போனவர் என்று வரும் வரிசையில் 'முழுச் செவிடு' என்றும் ஒன்று இருக்கிறது. மகன் அதை வாசித்ததும் இவள் கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். "நான் கூப்புடுறது மட்டும் காதுல விழலன்னா அதுக்கு எம்புட்டுப் போட்டிருக்காய்ங்க? கல்யாணமான நாள்லருந்து கணக்குப் பண்ணுடா."

எனக்குக் காது கேட்கவில்லை.

இனி ஈ.எஸ்.ஐ. கணக்கு. 1948 சட்டம், 1952-இல் கான்பூரிலும் டெல்லியிலும் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் அதன் பெயர் தெரியாத வீடு குறைவு. திருப்பரங்குன்றத்துக்கு அடுத்து இருப்பது ஹார்விபட்டி, மதுரை மில்லை நடத்திய ஹார்வி சகோதரர்கள் பெயரில் மில் தொழிலாளிகளுக்காக எழுந்த ஊர். 'ஈ.எஸ்.ஐ. மாத்திரை' என்பது அங்கே ஒரு காலத்தில் எல்லா வியாதிக்கும் பொதுப்பெயர். பெரிய வைத்தியம் என்றால் தத்தனேரி ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. மாதச் சம்பளம் 21,000 வரை வாங்குகிறவர்களுக்குத்தான் இந்தத் திட்டம். என் சம்பளம் 20,000-இல் வந்து நிற்கிறது, ரொம்ப நாளாக. "நீங்க ஈ.எஸ்.ஐ.யை விட்டுப் போயிரக் கூடாதுன்னு ஒங்க மொதலாளிக்கு எவ்வளவு அக்கறை பாருங்க, ஏத்தவே மாட்டேங்குறாரு" என்பது வீட்டில் வழக்கமான பேச்சு. அந்த 20,000-இல் என் பங்கு 0.75 சதவீதம், 150 ரூபாய். கம்பெனி பங்கு 3.25 சதவீதம், 650. இத்தனை வருஷம் கட்டியதற்கு நான் திரும்ப வாங்கியது ஒரு இருமல் மருந்து பாட்டில். அதனால் விரல் நசுங்கியபோது வலிக்கு நடுவே, ஒரு ஓரத்தில், லேசான மகிழ்ச்சியும் இருந்ததை மறைப்பதற்கில்லை.

வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் தருவார்கள். எனக்கு நாளுக்கு 600 ரூபாய். ஆனால் அதில் ஒரு கொக்கி. அடிபட்ட நாளை விட்டுவிட்டுக் குறைந்தது மூன்று நாளாவது வேலைக்கு லாயக்கில்லாமல் கிடக்க வேண்டும். அதற்குள் சரியாகிவிட்டால் தற்காலிக ஊனப் பலன் கிடையாது. இரண்டாம் நாள் சாயங்காலம் விரலில் வலி குறைந்தது. எனக்குப் பகீர் என்றது. வீக்கமும் வடிவது போலத் தெரிந்தது. மனிதனுக்குத் தன் விரலின்மேலேயே இப்படியொரு கோபம் வரும் என்று நான் நினைத்ததில்லை. ராத்திரி அதைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, "நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்க" என்று கெஞ்சினேன். மறுநாள் டிரெஸ்ஸிங்குக்குப் போனபோது டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, நுனி எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கிறது என்றார். "தேங்க்ஸ் டாக்டர்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

இதற்குள் கம்பெனியிலிருந்து விபத்து அறிக்கை போக வேண்டும், ஃபாரம் 12. விபத்து எப்படி நடந்தது, அப்போது ஊழியர் என்ன செய்துகொண்டிருந்தார், எந்த மிஷின், மிஷின் ஓடிக்கொண்டிருந்ததா என்றெல்லாம் கேட்கும் ஃபாரம். கம்பெனியில் இந்த ஃபாரத்தை நிரப்புகிற ஆள் நான்தான். என் விபத்தை நானே, படர்க்கையில், ஒற்றைக் கையால் டைப் அடித்தேன். 'மேற்படி ஊழியர் பீரோவில் கைவிட்டபோது' என்று எழுதும்போது மேற்படி ஊழியர்மேல் எனக்கே மதிப்பு வரவில்லை.

"ஃபாரம் எழுதுறத மட்டமா நினைக்காதீங்கப்பா" என்று மகன் ஆறுதல் சொன்னான். "காஃப்கா இந்த வேலைதான் பார்த்தாரு." மனிதன் பூச்சியாக மாறுகிற கதை எழுதியவர். 1908-இல் பிராக் நகரத்துத் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்து 1922 வரை அங்கேதான் இருந்திருக்கிறார். மரம் இழைக்கிற மிஷினில் சதுரத் தண்டு இருந்தால் விரல்கள் இடுக்கில் போய் விழுகின்றன, உருளைத் தண்டு போட்டால் விரல் தப்பும் என்று படம் போட்டு அறிக்கை எழுதியிருக்கிறார். அந்த அறிக்கையால் எத்தனை விரல் தப்பியதோ தெரியாது, ஆனால் அவர் கதைகளில் வரும் ஆபீஸ்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

கட்டுப் போட்ட விரலோடு வீட்டில் இருப்பவனுக்கு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 64-ஆம் பிரிவு ஒரு வரப்பிரசாதம். பலன் வாங்குகிறவர் குணமாவதைத் தாமதப்படுத்தும் எந்தக் காரியமும் செய்யக் கூடாது. மருத்துவ அதிகாரியின் அனுமதி இல்லாமல் சிகிச்சை நடக்கும் பகுதியை விட்டு வெளியே போகக் கூடாது. இதை பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். தண்ணீர் கேன் தூக்கு என்றாலும் 64, ரேஷனுக்குப் போ என்றாலும் 64. அந்த வாரம் அருப்புக்கோட்டையில் மச்சினன் வீட்டுக் காதுகுத்து. சட்டம் போகக் கூடாது என்கிறது, நான் என்ன செய்ய என்று கையை விரித்தேன், வலது கையை. அடுத்த முறை டிரெஸ்ஸிங்குக்கு இவளும் கூட வந்தாள். டாக்டரிடம், "சார், இவர அருப்புக்கோட்டை கூட்டிட்டுப் போகலாமா?" என்று நேராகவே கேட்டுவிட்டாள். "தாராளமா. ஒரு மாசம்கூட வச்சுக்கங்க" என்றார் அவர். காதுகுத்தில் எனக்குப் பந்தியில் தண்ணீர் ஊற்றும் வேலை கிடைத்தது. ஜக்குக்கு ஒரு கை போதும் என்றார்கள்.

வழியில் அடிபட்டால் என்ன என்பதும் அங்கேதான் பேச்சு வந்தது. காதுகுத்தில் வேறு பேச்சு இல்லையா என்று கேட்கக் கூடாது. மச்சினனின் சகலை ஒரு வக்கீல், அவர்தான் சொன்னார். வேலைக்குப் போகும் வழியில், ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் சைக்கிளில் வந்தவரை லாரி அடித்த பிரான்சிஸ் டி கோஸ்டா வழக்கில், 1996-இல் சுப்ரீம் கோர்ட் அது வேலை விபத்தில் சேராது என்று சொல்லிவிட்டது. 2010-இல் ஈ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தி, வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான பயணத்தையும் சேர்த்தார்கள், நேரத்துக்கும் இடத்துக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால். எனக்கு ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. தினமும் வேலை முடிந்து வருகிற வழியில் திருநகரில் வண்டியை நிறுத்திப் பருத்திப்பால் குடிப்பேன். அந்த அஞ்சு நிமிஷம் யார் கணக்கு? பருத்திப்பாலுக்கும் வேலைக்கும் தொடர்பு உண்டா? வக்கீல் பலமாக யோசித்து, "டம்ளரைக் கீழ வச்சப்புறம் அடிபடுங்க" என்றார்.

இப்போது அந்தப் பழைய சட்டங்களே இல்லை. 2025 நவம்பர் 21 முதல் எல்லாம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டன. என் விரல் பழைய சட்டத்தில் நசுங்கிய விரல்.

அருப்புக்கோட்டையிலிருந்து திரும்பிய மறுநாள் காலையில் மனைவி தேங்காய் துருவச் சொன்னாள். ஃப்ரிட்ஜைக் காட்டினேன். அவள் ஒன்றும் பேசாமல் முழங்கை வரை சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை என் முன்னால் நீட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே கோடு கிழித்த மாதிரி ஒரு தழும்பு, தோசைக்கல் விளிம்பு. "இது ஒங்க தங்கச்சி கல்யாணத்துக்கு மொத நாள்." அதற்கு மேலே காசு அளவுக்கு ஒரு வெள்ளை. "குக்கர் மூடி. இவனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை." அப்புறம் கடுகு தெறித்தவை, வரிசையாக, எந்த விசேஷத்துக்கும் சேராதவை. "இதுக்கு எத்தனாம் நம்பர் ஃபாரம்?"

ஃபாரம் இல்லை. ஆனால் விலை ஒன்று இருக்கிறது என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன். 1989 மார்ச் 3-ஆம் தேதி ஜாம்ஷெட்பூரில் டாடா இரும்பு ஆலையின் நிறுவனர் நாள் விழாவில் தீப்பிடித்துப் பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் இறந்தார்கள். அந்த லதா வாத்வா வழக்கில் 2001-இல் தீர்ப்புச் சொன்ன சுப்ரீம் கோர்ட், இறந்த இல்லத்தரசிகளுடைய உழைப்பின் மதிப்பை மாதம் 3,000 ரூபாய் என்று வைத்தது. அவர்கள் செய்வது ஒரு வேலையில்லை, பலவிதச் சேவை, குறைத்து மதிப்பிட்டாலும் இவ்வளவு வரும் என்று.

"மூவாயிரம்" என்றாள். "சமையக்காரம்மா வெச்சா என்ன கேப்பாங்க?"

பேச்சை மாற்றினேன்.

டிஸ்பென்சரி பெஞ்சில்தான் அந்தப் பையனைப் பார்த்தேன். என் மகன் வயசுதான் இருக்கும். வலது கை முழுக்கக் கட்டு. கட்டின் வடிவத்தைப் பார்த்தாலே ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பது தெரிந்தது. என் சுண்டுவிரலைக் கொடிக்கம்பம் போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீர் இறங்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அவன் அதைப் பார்த்துவிட்டு, "ரொம்ப வலிக்குதாண்ணே?" என்று கேட்டான். உண்மையான அக்கறையோடு கேட்டான். விரலைப் பைய இறக்கிக்கொண்டேன்.

பவர் பிரஸ். அதில் இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அமுக்கினால்தான் மேல் பாகம் இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஒரு பொத்தானை அமுக்கியபடியே இருக்கும்படி கட்டிப் போட்டுவிட்டால் ஒரு கை மிச்சம், மணிக்கு இத்தனை பீஸ் கூட வரும். பாதுகாப்புச் சாதனத்தைத் தொழிலாளியே வேண்டுமென்று அகற்றினால், அதனால் வரும் காயத்துக்கு முதலாளி பொறுப்பில்லை என்று 1923 சட்டத்தில் இருந்தது; சாவுக்கும் முழு ஊனத்துக்கும் மட்டும் விலக்கு. இரண்டு விரல் எந்த விலக்கிலும் வராது. "கட்டுனது யாரு தம்பி?" என்றேன். "நான் சேர்றப்பவே கட்டித்தேன் இருந்துச்சுண்ணே." எப்போது சேர்ந்தான் என்று கேட்டேன். அவன் சொன்ன மாசமும், ஈ.எஸ்.ஐ. கார்டில் இருந்த சேர்ந்த தேதியும் வேறு வேறு. கார்டின்படி விபத்து நடந்த அன்றுதான் அவன் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். வட இந்தியாவில் கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளில் விரல் இழந்தவர்களைப் பற்றி சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பு வருஷாவருஷம் அறிக்கை போடுகிறது. அடிபட்ட பிறகுதான் கார்டே கைக்கு வந்தவர்கள் அதில் கூட்டம் கூட்டமாக இருக்கிறார்கள். என்னைப் போல ஒரு கணக்குப்பிள்ளை எங்கோ உட்கார்ந்து அந்தத் தேதியை டைப் அடித்திருப்பான். என்னைவிட வேகமாகவே அடித்திருப்பான், பத்து விரலும் இருக்குமே.

இரண்டு விரலுக்கு அட்டவணையில் 20 சதவீதம். தினக்கூலி 400 என்று வைத்துக்கொண்டு மனக்கணக்காகப் போட்டேன். 90 சதவீதம் 360, அதில் ஐந்தில் ஒன்று 72. மெடிக்கல் போர்டு அதே சதவீதத்தைப் போட்டால் நாளுக்கு 72 ரூபாய், ஆயுசு பரியந்தம். அவனிடம் சொன்னேன். "எழுபத்திரெண்டா" என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தான். அப்புறம், "போர்டுல டாக்டருங்க கையத் தொட்டுப் பாப்பாய்ங்களாண்ணே?" என்றான். அது அவன் பயம்.

1975-இல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்று ஒன்று. ஒரு தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. அட்டவணைச் சதவீதத்தைப் பார்க்காமல், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே நூற்றுக்கு நூறு ஊனம் என்று சுப்ரீம் கோர்ட் ஒப்புக்கொண்டது. போன உறுப்பை வைத்து இல்லை, போன வேலையை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்த நியாயத்தை என் சுண்டுவிரலுக்கும் பொருத்திப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் இடது கைச் சுண்டுவிரலுக்கு உரிய எழுத்து 'ஏ'. நானோ இத்தனை காலமும் வலது ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே எல்லா எழுத்தையும் குத்துகிறவன். சுண்டுவிரலால் இதுவரை நடந்த வேலை என்று பார்த்தால், காது குடைந்தது.

அவனால் எழுத முடியவில்லை. ஃபாரத்தை என்னிடம் நீட்டினான். அவனுக்கு இடது கை இருந்தது, எனக்கு வலது கை இருந்தது. பேப்பரை அவன் பிடிக்க நான் எழுதினேன். பக்கத்தில் இருந்த ஸ்பின்னிங் மில் அம்மா ஒருவர், "எனக்கும் இத ஒண்ணு எழுதிருங்க சார்" என்றார். அதற்குப் பிறகு நான் டிரெஸ்ஸிங்குக்குப் போகிற நாளெல்லாம் பெஞ்சில் எனக்கென்று ஓர் இடம். சேர்ந்த தேதி என்று வருகிற கட்டத்தில் மட்டும் நிறுத்தி, உண்மையிலேயே எப்போது சேர்ந்தாய், சம்பளக் கவர், ஏ.டி.எம். சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்பேன். சிலரிடம் இருந்தது. யாராவது எதிர்க்கடையிலிருந்து ஒரு டீயும் உளுந்த வடையும் கொண்டுவந்து வைப்பார்கள்.

முதல் வடையைக் கடித்தபோதுதான் 63-ஆம் பிரிவு ஞாபகம் வந்தது. கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்த நாளுக்குத் தற்காலிக ஊனப் பலன் கிடையாது. டீயும் வடையும் கூலியா? கடித்ததை விழுங்கலாமா என்று தெரியாமல் வாயிலேயே வைத்துக்கொண்டு மகனுக்குப் போன் போட்டேன். அவன் தேடிப் பார்த்துச் சொன்னான்: "பிரிவு 2, உட்பிரிவு 22. கூலின்னா ரொக்கமாத் தர்றதுதாம்ப்பா. வடை ரொக்கம் இல்ல. முழுங்குங்க." மறுநாளிலிருந்து இரண்டு வடையாக வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து இந்தச் சட்ட நுட்பத்தை மனைவியிடம் பெருமையாக விளக்கினேன். அவள் கிரைண்டரில் மாவைத் தள்ளிவிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரொக்கமாக் குடுத்தாத்தேன் கூலியா?"

"ஆமா."

"சோறு, சேல, தீவாளிக்கு ஒரு நைட்டி, இதெல்லாம் சேராது?"

"சட்டப்படி சேராது."

"அப்ப நான் இத்தன வருசமா வேலையே பாக்கல" என்று கிரைண்டரை நிறுத்திக் கையைக் கழுவிவிட்டு, டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே மாவு பாதி அரைந்து நிற்கிறது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். மகன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கிரைண்டரைப் போட்டு, இடது கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மாவைத் தள்ளிவிட ஆரம்பித்தேன்.

"கல்லுக்குள்ள வெரல விட்றாதீங்க" என்று டிவிக்கு முன்னாலிருந்து குரல் வந்தது. "வலது கை கட்டவெரலு முப்பது சதவீதம்."